பந்தயக் காருக்கு ரோல் பாரும் பாதுகாப்புச் சாமான்களும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய ஃபோர்ட் லேசரையோ நிசான் மார்ச்சையோ உள்ளும் புறமும் கழற்றிப் பந்தயத்துக்குத் தயார்செய்பவர்கள் ஒரு கைப்பிடிதான். எங்கள் கார்கள் ஓடுவதெல்லாம் வெளியூரில்: சாலியபுரவில் கஜபா சூப்பர்குரொஸ், தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில், ஏப்ரலில் நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றம். காரை லொறியில் ஏற்றிக்கொண்டு செங்கலடிச் சந்தியில் தேநீருக்கு நிறுத்தினால் போதும், யாராவது ஒருவர் வந்து, கார் கவிழ்ந்தால் கூரை தலைமேல் நசுங்காதபடி உள்ளே நிறுத்தும் ரோல் பாரின் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார். கல்லடியில் இருக்கும் என் சிறிய கராஜுக்குத் தேடி வந்து கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விகளும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களும் இவை. நான் சொல்வதும் போட்டியை நடத்தும் சங்கத்தின் அந்த ஆண்டு விதிக்கோவையும் முரண்பட்டால், விதிக்கோவையைப் பின்பற்றுங்கள்.

கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறது. முதலில் எதை வாங்குவது?

இருக்கையை. இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் சுருங்கும். ரோல் பார் கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுத்தால் அழகாக இருக்கிறது. இருக்கையில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் பனைமரத்தில் மோதுகிறது. முன்பக்கம் நசுங்குவதும் ஆசனப்பட்டி நெகிழ்வதும் சேர்ந்து உங்கள் உடம்பு 60 சென்டிமீற்றருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் உடம்பு தன் எடையைப்போல ஏறத்தாழ 24 மடங்கு விசையோடு முன்னே போகப் பார்க்கும். 70 கிலோகிராம் ஆள் 1,680 கிலோகிராம் ஆகிவிடுகிறார். அவரைப் பிடித்து வைத்திருப்பவை இருக்கையும் பட்டியும் அவற்றைத் தரையோடு இணைக்கும் போல்ட்டுகளும்தான். சாய்வை மாற்றக்கூடிய சாதாரண இருக்கை இந்தச் சுமையில் முதுகுப் பக்கம் மடங்கிவிடலாம். ஆகவே ஒரே வார்ப்பாகச் செய்த பந்தய இருக்கை வேண்டும். உலக மோட்டார்ப் பந்தய விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8855-1999 அல்லது 8862-2009 என்ற எண்ணும் காலாவதி ஆண்டும் அதன் ஒட்டுத்தாளில் இருக்கும்.

இருக்கை முதலில் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் தலை எங்கே இருக்கப் போகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அது தெரியாமல் குழாயை வளைக்க முடியாது. களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த ஒரு தம்பி நல்ல குழாயில், நல்ல வெல்டிங்கில் பாரைச் செய்து முடித்துவிட்டுத்தான் இருக்கை வாங்கினார். அந்த இருக்கையின் தோள்பகுதி அகலமாக இருந்ததால் பின்னே தள்ள முடியவில்லை. ஸ்டியரிங் நெஞ்சில் முட்டியது. குறுக்குக் குழாயை வெட்டி மறுபடியும் செய்தோம். தையற்காரர் ஆளை அளந்த பிறகுதான் துணியை வெட்டுகிறார். இதுவும் அப்படித்தான்.

ரோல் பார், ரோல் கேஜ்: இரண்டும் ஒன்றா?

இல்லை. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெரிய வளைவு, அதிலிருந்து பின்பக்கம் இறங்கும் இரண்டு தாங்கிகள், வளைவுக்குள் மூலைக்கு மூலை போகும் ஒரு சாய்குழாய், பட்டியைக் கட்ட ஒரு குறுக்குக் குழாய்: இவை சேர்ந்தது ரோல் பார். முன்கண்ணாடியின் ஓரத்தோடு இறங்கும் குழாய்களும் கூரைக் குழாய்களும் கதவுக் குழாய்களும் சேர்ந்துவிட்டால் அது கேஜ், அதாவது கூண்டு.

தனியே நேரம் பிடித்து ஓடும் போட்டிக்குப் பார் போதும் என்று சில விதிகள் சொல்லலாம். சூப்பர்குரொஸில் கூண்டு இல்லாமல் இறங்காதீர்கள். செம்மண் மேட்டில் ஒரு சக்கரம் ஏறினாலே கார் புரளும். பக்கத்துக் கார் உங்கள் கதவுக்குள் வந்து நிற்கும். கதவுக் குழாய் இல்லாத இடத்தில் உங்கள் இடுப்புக்கும் அடுத்தவரின் பம்பருக்கும் இடையில் இருப்பது ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத தகடு.

எந்தக் குழாய் வாங்குவது? இரும்புக் கடையில் கேட்டால் கனமானது இருக்கிறது என்கிறார்கள்.

என் முதல் பாரும் அப்படிக் கேட்டு வாங்கியதுதான். கடைக்காரர் கறுப்புக் குழாய் ஒன்றைத் தூக்கிக் காட்டி, நல்ல கனம் என்றார். நானும் தூக்கிப் பார்த்து, கனம்தான் என்றேன். வளைத்து, ஒட்டி, சிவப்பு வர்ணம் பூசி, லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். வாகனப் பரிசோதகர் வயதானவர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் அளவுகோல். குழாயை மோதிரத்தால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு, "துளை எங்கே?" என்றார். குழாயின் தடிப்பை அளக்க ஒரு சிறு துளை விட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அங்கேயே துளைத்தோம். துரப்பணம் வெண்ணெய்க்குள் போவதுபோல் போனது. கூடவே பழுப்புத் தூள் கொட்டியது. அளந்தார்: 1.6 மில்லிமீற்றர். கம்பி ஒன்றை உள்ளே விட்டு நெருடினார், நீளவாட்டில் ஒட்டிய தையல் கையில் பட்டது. "மல்லி (தம்பி), இது வீட்டு கேட்டுக்கு நல்ல குழாய்" என்றார், சிரிக்காமல். அன்று ஓடவில்லை.

எஃப்.ஐ.ஏ.வின் பின்னிணைப்பு ஜே, 253ஆம் விதி கேட்பது இது: தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த, கலப்பில்லாத கார்பன் உருக்கு; இழுவலிமை சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தது 350 நியூட்டன். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுக்கு வெளிவிட்டம் 45 மில்லிமீற்றர், தடிப்பு 2.5 மில்லிமீற்றர், அல்லது 50க்கு 2. தாங்கிகளுக்கும் ஏனைய குழாய்களுக்கும் 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. கடையில் இந்த எண்களைச் சொல்லுங்கள், "கனமானது" என்று கேட்காதீர்கள். உருக்காலையின் சான்றிதழ் பிரதியையும் கேளுங்கள். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டி வந்தாலும் பொறுங்கள்.

எடை கூடிவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு: 45க்கு 2.5 குழாய் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 2.6 கிலோகிராம். முழு ரோல் பாருக்கு எட்டு, ஒன்பது மீற்றர் போகும். பின்னிருக்கையைக் கழற்றினால் அந்த எடையில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

தண்ணீர்க் குழாய்? மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் பளபளப்புக் குழாய்?

இரண்டும் வேண்டாம். தண்ணீர்க் குழாய் தடிப்பாக இருந்தாலும் அதன் வலிமைக்கு உங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. மேலே பூசிய துத்தநாகம் ஒட்டும்போது புகையாகி ஒட்டுபவருக்குக் காய்ச்சலைக் கொடுக்கும், ஒட்டையும் கெடுக்கும். பளபளப்புக் குழாய் அழகுக்கு. அதன் தடிப்பு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீற்றரைத் தொடாது.

எங்கள் ஊர் வெல்டிங் பாஸ் கூண்டு செய்வாரா?

படகுத் தளத்திலும் நெல் ஆலையிலும் வேலை செய்த கைகள் நம் ஊரில் இருக்கின்றன. ஒட்டு வேலையில் அவர்களை நான் நம்புகிறேன். சிக்கல் வளைப்பதில்தான் வருகிறது. குழாய்க்குள் மணலை இறுக்கி, வாயுத் தீயில் சிவக்கவைத்து வளைப்பது நம்மவர்களின் பழைய வழி. கைப்பிடிக்கு அது சரி. பாதுகாப்புக் குழாயைச் சூடாக்காமல் வளைக்க வேண்டும். வளைவின் ஆரை, குழாயின் நடுக்கோட்டில் அளந்தால், விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. 45 மில்லிமீற்றர் குழாய்க்கு 135 மில்லிமீற்றர். குழாய்ப் பொருத்துநர்கள் வைத்திருக்கும் நீரழுத்த வளைப்பான் உட்புறத்தைத் தட்டையாக்கிவிடும். வளைவின் குறுகிய விட்டம் அகன்ற விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். தட்டையான வளைவும் சுருக்கம் விழுந்த வளைவும் பழைய இரும்புக்குத்தான்.

ஒட்டு, குழாயின் சுற்றளவு முழுவதும் வர வேண்டும். கூரைப் பக்கத்தில் கை நுழையாத இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கூண்டைத் தற்காலிகமாகப் புள்ளி ஒட்டில் நிறுத்தி, தரையில் ஓட்டை போட்டு ஒரு சாண் கீழே இறக்கி, மேற்பக்கத்தை ஒட்டிவிட்டு மீண்டும் தூக்கி நிறுத்துவது ஒரு வழி. ஒட்டிய பிறகு சாணைக்கல்லால் ஒட்டைத் தேய்த்து மினுக்குவதைத் தடை செய்யுங்கள். பாஸுக்கு அது பெருமை. பரிசோதகருக்கு அது சந்தேகம்.

காரின் தரையில் எப்படிப் பொருத்துவது?

இங்கேதான் நம் கரையோரக் கார்களின் உண்மையான நோய் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவில் இருபது, முப்பது வருடம் நின்ற கார். மேலே வர்ணம் புதிதாக இருக்கும்.

ஏறாவூரிலிருந்து ஒருவர் லேசர் ஒன்றைக் கொண்டுவந்தார். தரைவிரிப்பைத் தூக்கினோம், கறுப்புத் தார்ப்பூச்சு ஒழுங்காகத்தான் இருந்தது. கதவுப்படிக்குள் திருகாணி முடுக்கியின் முனையை வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். பிஸ்கட் உடைவதுபோல ஒரு சத்தம். முடுக்கி கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. அதற்கு மேல் எந்தக் குழாயை நிறுத்தினாலும், கார் கவிழும்போது குழாய் உடையாது, தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். கூரையோ தலையை நோக்கி வரும். ஆகவே குழாய் வாங்கும் முன் தரையைக் குத்திப் பாருங்கள்: கதவுப்படி, இருக்கைக் குறுக்குச்சட்டம், பின்சக்கர வளைவு. அழுகியதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு ஒட்டுவது சலிப்பான வேலை, ஒரு வாரம்கூட எடுக்கும். அந்த ஒரு வாரத்தைக் குறைக்க வழியில்லை.

பிறகு பாதத்தகடு. பெரிய வளைவின் ஒவ்வொரு காலுக்கும் கீழே குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள, 120 சதுர சென்டிமீற்றர் பரப்புள்ள தகடு. போல்ட் என்றால் காலுக்கு மூன்று, எம்8 அளவு, தலையில் 8.8 என்று பொறித்தது. பின்தாங்கிகளுக்கு 60 சதுர சென்டிமீற்றரும் இரண்டு போல்ட்டும். தலையில் எண் எதுவும் இல்லாத போல்ட் கட்டிலுக்கும் மேசைக்கும்.

பின்தாங்கிகள் செங்குத்துக்கு 30 பாகையாவது சாய்ந்து, வளைவின்றி நேராகப் போக வேண்டும். செங்குத்தாக இறங்கும் தாங்கி எதையும் தாங்காது. குழாய் முனைகளை மூடுங்கள். மாரி முடிந்ததும், தைமாத வாக்கில், தகட்டோரங்களைச் சுரண்டிப் பார்த்து வர்ணம் அடியுங்கள்.

தலைக்கு மேலே எவ்வளவு இடம் வேண்டும்?

விளக்குமாற்றுத் தடி ஒன்றை எடுங்கள். தலைக்கவசம் போட்டு, பட்டியை இறுக்கிக்கொண்டு, ஓட்டும்போது உட்கார்வதுபோல் உட்காருங்கள். தடியின் ஒரு முனையைப் பெரிய வளைவின் உச்சியிலும் மற்றதை முன்வளைவின் உச்சியிலும் வையுங்கள். முன்வளைவு இல்லாத காரில் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பு. தலைக்கவசம் தடிக்குக் கீழே 5 சென்டிமீற்றராவது இருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்க்க வேண்டும். தானே பார்த்துக்கொள்பவர் எப்போதும் கொஞ்சம் குனிந்துகொள்வார்.

தலை எட்டக்கூடிய குழாய்க்கெல்லாம் மெத்தை வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய கறுப்பு ரப்பர் நுரை இதற்கு உதவாது: விரலால் அழுத்தினால் இரும்பு தட்டுப்படும். எஃப்.ஐ.ஏ. 8857-2001 எண் உள்ள மெத்தை மரக்கட்டைபோல் கடினமாக இருக்கும், தீயும் எளிதில் பற்றாது. கையால் குத்தினால் வலிக்கிறதே என்பார்கள். அது தலைக்கவசம் போட்ட தலைக்காகச் செய்தது.

வேலைக்குப் போகும் காரிலேயே கூண்டு போடலாமா?

போடாதீர்கள். வீதியில் நீங்கள் தலைக்கவசம் போடுவதில்லை. கல்லடிப் பாலத்தடியில் ஓட்டோ ஒன்று குறுக்கே வந்து சாதாரணமாக இடித்தால்கூட, வெறுந்தலை இரும்பில் போய் அடிக்கும். கூண்டு இல்லாத காரில் கன்னத்தில் ஒரு வீக்கத்தோடு இறங்கியிருப்பீர்கள். பின்னால் பிள்ளைகள் உட்காருவார்களானால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் காப்புறுதிக்கும் பதில் சொல்வது அதற்கு அடுத்த தலைவலி.

ஆசனப்பட்டி: காரோடு வந்தது போதாதா? நான்குமுனைப் பட்டி மலிவாகக் கிடைக்கிறதே?

காரோடு வந்த மூன்றுமுனைப் பட்டி, காரோடு வந்த இருக்கையோடு சேர்த்து வடிவமைத்தது. இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள், அல்லது சேர்த்தே மாற்றுங்கள். பழைய இருக்கையில், கூண்டில்லாத காரில், நான்குமுனைப் பட்டியை மட்டும் போடுவதுதான் மிக மோசமான கலவை. பட்டி உங்களை நிமிர்த்தி வைத்திருக்கும், கூரை கீழே வரும், ஒதுங்க இடமில்லை.

நான்குமுனைப் பட்டியில் இன்னொரு குறையும் உண்டு. தோள்பட்டிகள் இறுகும்போது இடுப்புப்பட்டியின் கொக்கியை மேலே இழுக்கின்றன. இடுப்பெலும்பின்மேல் கிடக்க வேண்டிய பட்டி வயிற்றுக்கு ஏறிவிடுகிறது, உடம்பு கீழே வழுக்குகிறது, பட்டி குடலை அறுக்கிறது. கால்களுக்கிடையே வரும் ஐந்தாவது, ஆறாவது முனைகள் இதைத் தடுக்கத்தான். ஆறுமுனையே வாங்குங்கள்.

தோள்பட்டிகள் தோளிலிருந்து பின்னே கிட்டத்தட்டக் கிடையாகப் போய்க் குறுக்குக் குழாயைச் சுற்ற வேண்டும். 20 பாகைக்குள் சரிந்தால் நல்லது. சிலர் அவற்றைப் பின்னிருக்கையின் தரை ஆணியில் மாட்டுகிறார்கள். மோதும்போது அந்தப் பட்டி தோளைக் கீழ்நோக்கி அமுக்கும், முள்ளந்தண்டு நசுங்கும்.

பட்டியின் ஓரம் பிய்ந்திருக்கிறது. தைத்துப் போடலாமா?

இதை நான் காத்தான்குடியில் இருக்கை உறை தைக்கும் ஒரு காக்காவிடம் கொண்டுபோனேன். லொறி இருக்கைகளைத் தைக்கும் பெரிய இயந்திரம் அவரிடம் இருக்கிறது. பட்டியை வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து, நகத்தால் ஓரத்தை வருடினார். "தைக்க என்னால் முடியும், தம்பி. ஆனால் தையல் ஊசி போகும் ஒவ்வொரு இடத்திலும் இது இன்னும் பலவீனப்படும். புதிது வாங்குங்கள்" என்றார். கூலி வாங்கவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. வெயில் பட்டாலே பட்டியின் நூல் நாளடைவில் வலிமை இழக்கிறது, நம்மூர் வெயில் அதில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் தர அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் 16.1 முத்திரை உள்ள பட்டிகளுக்குத் தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் ஆயுள். எஃப்.ஐ.ஏ. பட்டிகளில் காலாவதி ஆண்டு ஒட்டுத்தாளிலேயே இருக்கும். பெரிதாக ஒரு முறை மோதிய பட்டியைக் காலாவதிக்குக் காத்திராமல் கழற்றுங்கள். காரை வெளியில் நிறுத்தும்போது பட்டிகளின்மேல் ஒரு பழைய சாரத்தைப் போட்டு மூடுங்கள்.

மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் போதுமா? இலங்கைத் தரத்துக்கான எஸ்.எல்.எஸ். முத்திரைகூட இருக்கிறது.

எஸ்.எல்.எஸ். முத்திரை மோட்டார் சைக்கிளில் வீதியில் விழுபவருக்காக. காருக்குள் தலை ஒரே இரும்பில் இரண்டு, மூன்று முறை அடிபடும், தீயும் வரலாம். 1956இல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல்லின் பெயரில் மறுவருடம் தொடங்கிய ஸ்னெல் அறக்கட்டளை, இரண்டுக்கும் தனித்தனியே முத்திரை கொடுக்கிறது. எம் என்றால் மோட்டார் சைக்கிள். எஸ்.ஏ. என்றால் கார்ப் பந்தயம்: கூண்டுக் குழாய்போன்ற உருளையில் மோதவிட்டும் உள்துணியைத் தீயில் காட்டியும் சோதித்தது. எஸ்.ஏ.2020 போன்று ஆண்டும் சேர்ந்திருக்கும். உள்மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் ஒட்டுத்தாள் தெரியும்.

இரவல் தலைக்கவசம் வேண்டாம். அது எத்தனை முறை சீமெந்துத் தரையில் விழுந்தது என்று கொடுப்பவர் சொல்ல மாட்டார்.

கழுத்துக் காப்புக் கருவி, ஹான்ஸ் என்கிறார்களே, அது சர்வதேசப் போட்டியாளர்களுக்குத்தானே?

மரத்துக்கு உள்ளூர், சர்வதேசம் தெரியாது. முதல் பதிலில் சொன்ன கணக்கையே எடுங்கள். தலையும் கவசமும் சேர்ந்து 6 கிலோகிராம். 24 மடங்கு என்றால் 144 கிலோகிராம் சுமை. தோள் பட்டியில் நின்றுவிட்டது, தலை மட்டும் போகிறது. இரண்டு நெல் மூட்டைகளைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டதுபோல. மண்டையோட்டின் அடிப்பகுதி அப்படித்தான் உடைகிறது. 2001 பெப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தில் அமெரிக்க ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் இறந்ததும் அந்த முறிவால்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்ப்பொறியியல் படிப்பித்த ரொபர்ட் ஹபர்ட், தலை இப்படிப் போகாமல் தலைக்கவசத்தைத் தோளோடு பிடித்துவைக்கும் இந்தக் கருவியை 1980களிலேயே உருவாக்கியிருந்தார். அதைச் செய்யச் சொல்லித் தூண்டியவர் அவருடைய மச்சான், பந்தய ஓட்டுநர் ஜிம் டௌனிங். ஏறத்தாழ இருபது வருடம் ஓட்டுநர்கள் அதை அசௌகரியம் என்று ஒதுக்கினார்கள். ஃபோர்முலா 1இல் 2003இல்தான் கட்டாயமானது.

இரு தோள்களின்மேலும் இறங்கும் பந்தயப் பட்டியும், பக்கத்தில் கொக்கிகள் பொருத்திய தலைக்கவசமும் இல்லாமல் அது வேலை செய்யாது. எஃப்.ஐ.ஏ. 8858 என்ற எண்ணைப் பாருங்கள். விலை கேட்டுப் பெருமூச்சு விடுபவர்கள் கார் சக்கரங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்பதுண்டு. பதில் வருவதில்லை.

இந்த வெக்கையில் தீயாடை போட முடியுமா?

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் கராஜுக்குள் போட்டுப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் பிழிந்தெடுத்த துணி. ஆனாலும் போட வேண்டும். எஸ்.எஃப்.ஐ. 3.2ஏ/1 ஆடை தீயில் இரண்டாம் நிலைத் தீக்காயம் வருவதை 3 நொடி தள்ளிவைக்கிறது, 3.2ஏ/5 ஆடை 10 நொடி. ஆறுமுனைப் பட்டியைக் கழற்றி இறங்க 3 நொடி போதாது, எனவே இரண்டாவதையே தேடுங்கள். உள்ளே பொலியெஸ்ரர் பெனியன் வேண்டாம், அது உருகித் தோலோடு ஒட்டும். தீயாடைக்கென்றே உள்ள உள்ளாடை கிடைக்காவிட்டால் பருத்தி. ஆடையைக் கடைசி நிமிடத்தில் போடுங்கள், இளநீர் குடியுங்கள், வரிசையில் நிற்கும்போது இடுப்பு வரை இறக்கிவைத்திருங்கள்.

தீயணைப்புக் கருவி?

2 கிலோகிராம் உலர்தூள் கருவி ஒன்று, பட்டி கட்டியபடியே கை எட்டும் இடத்தில், இரும்புப் பட்டைகளால் தரையோடு இறுக்கி. பிளாஸ்டிக் கட்டு வேண்டாம். நிரம்பிய கருவி 4 கிலோகிராம் என்றால் 25 மடங்கு விசையில் 100 கிலோகிராம் எறிகுண்டாகும். உள்ளே தூள் கட்டிபட்டுவிடும், லொறியில் குலுங்கிப் போகும் நமக்கு இன்னும் சீக்கிரம். மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் தூள் சரிவதை உணரலாம்.

காரின் மின்சாரம் முழுவதையும் நிறுத்தும் மின்வெட்டும் சாவியை எங்கே வைப்பது?

உள்ளே பட்டி கட்டிய ஓட்டுநருக்கும், வெளியே நிற்கும் உதவியாளருக்கும் எட்ட வேண்டும். வெளியில் முன்கண்ணாடியின் அடிப்பக்கம் வழக்கம். அந்த இடத்தைக் காட்டும் அடையாளம் வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல், முக்கோணத்தின் அடிப்பக்கம் குறைந்தது 12 சென்டிமீற்றர். பற்றரியை மட்டும் வெட்டினால் போதாது: இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் ஓல்டர்னேட்டர் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும், பெற்றோல் பம்பும் ஓடும். எஞ்சினை ஓடவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் நின்றால்தான் இணைப்புச் சரி.

கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பான் ரோல் பார் கிடைக்கிறது. எடுக்கலாமா?

அதே மாதிரிக் காருக்கு உரியதாக இருந்து, தடிப்பும் சரியாக இருந்தால் எடுக்கலாம். முதலில் நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள்: மெல்லிய வளைவு தெரிந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை தன் வேலையைச் செய்துவிட்டது. அங்கே கிடைக்கும் பட்டிகளிலும் இருக்கைகளிலும் போலி நிறைய. ஒட்டுத்தாளின் எழுத்துப் பிழைகளே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் பூட்டியாயிற்று. கடற்கரை வீதியில் இரவில் ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்கலாமா?

கூடாது. இதுவரை சொன்ன எல்லாமே காருக்குள் இருப்பவருக்கு. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் புகுந்தபோது 7 பேர் இறந்தார்கள். அது முறையாக நடத்திய போட்டி, பெரிய மைதானம். நம் வீதியில் சைக்கிளில் மீன் கொண்டு போகிறவர் இருக்கிறார்.

முதல் போட்டிக்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஏதும் உண்டா?

இறங்கிப் பழகுங்கள். எல்லாவற்றையும் போட்டு, எல்லாவற்றையும் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு. என் அக்கா மகன் முதல் தடவை 31 நொடி எடுத்தான். அக்கா கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்பட்டி கழுத்துக் கருவியின் ஓரத்தில் சிக்கியது; ஸ்டியரிங்கைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான்; கதவுக் குழாயில் முழங்கால் அடித்தது. ஸ்டியரிங்கை முன்கண்ணாடிப் பக்கம் எறியச் சொன்னேன். கொக்கியைத் திருப்பியதும் இரண்டு கைகளாலும் தோள்பட்டிகளைப் பின்னே தள்ளச் சொன்னேன். நான்காம் நாள் 11 நொடிக்கு வந்தது. அதற்கு மேல் குறையவில்லை. ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, கண்ணை மூடியபடி கதவின் கைப்பிடியைத் தடவித் தேடுவதில்தான் நேரம் போவது தெரிந்தது. உள்பலகையைக் கழற்றிய பிறகு அங்கே எஞ்சியிருந்தது ஒரு மெல்லிய கம்பி. அக்கா உள்ளே போய், பழைய தடித்த பருத்திச் சீலையில் ஒரு சாண் கிழித்து வந்து அந்தக் கம்பியில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். 8 நொடி.